பேட்டரி தண்ணி

"டிக்" என்று ஒரே ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு ஒன்றுமே வராது. அப்பா சாவியை இன்னொரு முறை திருப்புவார், மறுபடியும் "டிக்". முன்னால் இருக்கும் சிவப்பு விளக்குகள் மட்டும் மங்கலாக எரிந்து எங்களைப் பார்த்து விழித்துவிட்டு அணைந்துபோகும். பவுடர் வாசமும் இறுகப் பின்னிய சடையுமாகப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டவுடனேயே தெரிந்துவிடும், இன்றைக்கும் ஞாயிறு பூசைக்குத் தாமதம்தான், இன்றைக்கும் மாதா கோயிலில் கடைசி பெஞ்சுதான்.

"பேட்டரி கோங்" என்பார் அப்பா. ஜொகூரில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்டம் முடிந்தது, உயிர் போய்விட்டது என்று அர்த்தம். மலாய்க்காரரும் சொல்வார், சீனரும் சொல்வார், நாங்களும் சொல்வோம். அது முதலில் யார் வீட்டுச் சொல் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கவலைப்பட்டதும் இல்லை. நான் அதைச் சுத்தமான தமிழ் என்றே நம்பி, பள்ளிக்கூடக் கட்டுரையில் "எங்கள் பூனை சென்ற வாரம் கோங் ஆனது" என்று மிகுந்த துக்கத்தோடு எழுதியிருக்கிறேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, பூனை செத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

நாங்கள் இருந்தது மாசாயில், ஒரு வரிசை வீட்டில். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே மோட்டோவை, அதாவது மோட்டார் சைக்கிளை, எடுத்துக்கொண்டு, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை நோக்கிச் சீறிப் பாயும் அந்தப் பெருங்கூட்டத்தில் தானும் ஒருவராகக் கலந்துவிடுவார். எங்கள் நீல நிறக் "காடி", காரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், வாரம் முழுவதும் போர்ச்சில் சும்மா நிற்கும். அதன் கண்ணாடியில் அம்மா கைத்துணி காயப்போடுவார். ஓடாமல் நிற்கும் காடியின் பேட்டரி தானாகவே இறங்கிப்போகும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்றோ அதை வீம்பு பிடித்த ஒரு சொந்தக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உடம்புக்கு முடியாமல் போகிற சொந்தக்காரர்.

"அது நம்மள சுமக்கிறதுக்கு முன்னாடி நாம அதைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டுப் போகணும், அதான் டீலு" என்று சொல்லிக்கொண்டே அப்பா சட்டைக் கையை மடித்துவிடுவார். அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொள்வார். அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் அம்மா கிளட்சை விட, காடி இருமிக்கொண்டு எழுந்திருக்கும். சந்து முனைக்குப் போனதும் அப்பா மூச்சிரைக்க ஓடிவந்து, "சரி சரி, எறங்கு பிலோ, நான் ஓட்டுறேன்" என்பார். அம்மாவின் பெயர் பிலோமினா. கல்யாணத்துக்கு முன்பே "லைசன்" எடுத்து, வருடம் தவறாமல் புதுப்பித்து, கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தவர். ஆனால் அவர் ஓட்டியது எல்லாம் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சந்து முனை வரைக்கும்தான். இது அநியாயம் என்று எனக்கு அப்போதே பட்டது. அம்மாவுக்கும் பட்டிருக்கும், சொன்னதில்லை.

அம்மா சொன்னது வேறொன்று, அதுவும் அடிக்கடி: "நான் டீச்சராயிருக்க வேண்டியவ." ஆறாம் படிவம் வரை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு வரை, படித்தவர். கல்யாணம், நான், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சில வருட வேலை என்று அந்த எண்ணம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் சேர வயது வரம்பு ஒன்று உண்டு. அந்த வரம்பு அவரைத் தொட இன்னும் ஒரே வருடம் இருந்தபோதுதான், கூலாயைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை தேவை என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். அம்மா போய்ப் பார்த்தார். தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். "இந்தத் தோட்டத்துக்குள்ள பஸ்ஸு கிடையாதுங்க டீச்சர். முன்னாடி வந்தவங்க பாதி நாளு மணியடிச்ச பொறவுதான் வருவாங்க. நீங்க டயத்துக்கு வந்து, கல்வி இலாகாவிலேர்ந்து வர்ற அதிகாரி உங்க பாடத்தைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு வைங்க, ட்ரெய்னிங்க்கு நானே உங்க பேரை அனுப்புறேன்" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் அனுமதி கேட்கவில்லை. "ஜனவரிலேர்ந்து காடி எனக்கு வேணும்" என்றார். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக வெளியே நின்ற காடியைப் பார்த்தார். "காடி ஓகே. ஆனா அந்தப் பேட்டரி உன் பேச்சைக் கேக்கணுமே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

அப்பா மனம் வைத்தால் செய்கிறவர்தான். அடுத்த வாரமே சிங்கப்பூரில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி, நல்ல பேட்டரி ஒன்றை வாங்கி, மோட்டோவின் பின்னால் ரப்பர்க் கயிற்றால் கட்டி, பாலத்து நெரிசலைத் தாண்டிக் கொண்டுவந்து இறக்கினார். நானும் அம்மாவும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றோம். பழையதைக் கழற்றிவிட்டு, புதியதைத் தட்டில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. வயரை இழுத்தார். எட்டவில்லை. இன்னும் இழுத்தார். எட்டவே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, பிளஸ் இருக்க வேண்டிய பக்கம் மைனஸும் மைனஸ் இருக்க வேண்டிய பக்கம் பிளஸுமாக அந்தப் பேட்டரி வேறு பக்கத்துக்காகச் செய்யப்பட்டது என்று. ஒரே அளவில், ஒரே பலத்தில் இரண்டு விதம் வரும். வாங்கும்போது எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும். "அலமாக்! இதுல சோத்தாங்கை பீச்சாங்கை வேற இருக்கா?" என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேட்டரி அடுத்த நாள் வந்த வழியே பாலத்தைத் தாண்டித் திரும்பிப் போனது. சட்டைப் பையிலிருந்த பேனாவால் கையில் ஒரு படம் வரைந்து, எந்தப் பக்கம் பிளஸ் என்று குறித்துக்கொண்டு அவர் கிளம்பினார். மாற்றிக் கொடுக்க அவர்களிடம் அந்த வகை கைவசம் இல்லை. வந்ததும் சொல்கிறோம் என்றார்களாம். வரும்வரைக்கும் பழையதுதான் கதி.

"சரி, இருக்கிறதை நான் பார்த்துக்கிறேன்" என்று அம்மா பேட்டரியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அப்பா செய்வதைப் பல வருடங்களாகப் பார்த்தவருக்குப் புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. சனிக்கிழமை காலை துணி ஊறவைத்த கையோடு பானெட்டைத் திறப்பார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உப்புப் பூத்ததுபோல வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருக்கும். மூஞ்சியைத் தள்ளி வைத்துக்கொண்டு சுடுதண்ணீர் ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, துடைத்துக் கிரீஸ் தடவுவார். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில், மாட்டும்போது மைனஸ் வயர் கடைசியில். இது அப்பாவின் கட்டளை. "நெகட்டிவைத்தான் மொதல்ல கழட்டணும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா, "ஆமா, இந்த வீட்டுல மொதல்ல கழட்டிவிடுறது யாரைன்னு தெரியாதா" என்று முணுமுணுப்பார். பிறகு இருபது காசு ஒன்றை எடுத்து, மேலே வரிசையாக இருக்கும் மூடிகளைத் திருகித் திறந்து, உள்ளே தண்ணீர் கோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். குறைந்திருந்தால் "பேட்டரி தண்ணி" ஊற்ற வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், கதையே இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பேட்டரி தண்ணி என்றால் ஆசிட் என்று பலர் பயப்படுவார்கள். அப்படி இல்லை. ஆசிட் உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. நாம் மேலே ஊற்றுவது காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர், ஒரு தூசு தும்பு இல்லாத தண்ணீர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் பேட்டரிக்கு ஆகாது. கடையில் அது தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கும். அந்தக் காலிப் பாட்டில்களை எங்கள் வீட்டில் தூக்கியெறிய மாட்டோம். வருடா வருடம் வடக்கே ஒரு திருத்தலத்துத் திருவிழாவுக்குப் பஸ் பிடித்துப் போவோமே, அங்கே மலையடி ஊற்றிலிருந்து பிடித்த தண்ணீரை மந்திரித்துக் கொடுப்பார்கள். அந்தத் "தீர்த்தத்தை" வாங்கிவர அந்த வருடம் அம்மா எடுத்துப்போனது, சுத்தமாகக் கழுவிய ஒரு காலிப் பேட்டரி தண்ணி பாட்டில். "இதைவிடச் சுத்தமான பாட்டில் ஒலகத்துல கிடையாது, உள்ள இருந்ததே வடிச்ச தண்ணி" என்று அப்பாவும் ஆமோதித்தார். திருத்தலத்தில் மாதா படம் போட்ட சிறிய ஸ்டிக்கர் ஒன்றை அதில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஆக, ஒரே கம்பெனிப் பாட்டில் எங்கள் வீட்டில் இரண்டு: ஸ்டிக்கர் உள்ளது கூடத்துச் செபப் பீடத்தில், ஸ்டிக்கர் இல்லாதது போர்ச்சில், ஆணியும் ஸ்பானரும் கிடக்கும் பலகையில்.

பள்ளி திறந்தது. நானும் அந்தத் தோட்டப் பள்ளிக்கே, அம்மாவின் வகுப்புக்கே மாற்றிக்கொண்டேன், அம்மா வேலைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. தினமும் இருட்டோடு எழுந்து, பீடத்துக்கு முன்னால் நின்று, அம்மா பாட்டிலிலிருந்து விரலை நனைத்து என் நெற்றியில் சிலுவை போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு, "மாதாவே, காடி எழும்பணும்" என்று ஒரே வரியில் செபித்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்புவார். எழும்பியது. தினமும் ஓடியதால் பேட்டரிக்கும் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது போலும். தெப்ராவ் பக்கம் லாரிகளுக்கு நடுவில் அம்மா ஓட்டுவதைப் பார்க்க எனக்குக் கர்வமாக இருக்கும். சந்து முனையில் இறங்கி இடம் மாறிக்கொண்ட அதே அம்மாதான், இப்போது பால் டாங்கி லாரியை முந்திக்கொண்டு போகிறார்! செம்மண் பாதையில் திரும்பி, செம்பனைகளுக்கு நடுவே பள்ளியின் மஞ்சள் சுவர் தெரியும்போது அம்மா தனக்குத்தானே, "ம், வந்தாச்சு" என்று சொல்லிக்கொள்வார். ஒரு நாள்கூட மணிக்குப் பிறகு வரவில்லை.

அதிகாரி வரும் நாள் குறித்தாகிவிட்டது. பாடம், இரட்டைக்கிளவி. "சலசல", "படபட", "கலகல" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மணிலா அட்டையில் அருவியும் மழையும் வளையலும் அம்மா ஒரு வாரமாக வரைந்து வண்ணம் தீட்டி, சுருட்டி ரப்பர் மாட்டி வைத்திருந்தார். அன்றைக்கு விடியற்காலை நெற்றியில் சிலுவை விழுந்தது, செபம் முடிந்தது, அம்மா சாவியைத் திருப்பினார்.

"டிக்."

அப்பா அந்நேரம் பாலத்தில். பக்கத்து வீட்டு மாமா கம்பத்துக்கு, அவருடைய சொந்த ஊருக்கு, போயிருந்தார். அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இன்னைக்கா? ஏன், இன்னைக்கா?" என்று காடியிடமே கேட்டார். அவர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு திடீரென்று கதவைத் திறந்து இறங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்து முனையைப் பார்த்து நடந்தார். அங்கே தொழிற்சாலை பஸ்ஸுக்காக நீலச் சீருடையில் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள், மலாய்ப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அம்மாவே ஒரு காலத்தில் அந்த முனையில் நின்றவர்தான். என்ன சொன்னாரோ தெரியவில்லை, மொத்தக் கூட்டமும் சாப்பாட்டுப் பையோடு எங்கள் வீட்டுக்குத் திரண்டு வந்துவிட்டது.

"அக்கா, நீங்க ஏறி உக்காருங்க, நாங்க பாத்துக்குறோம்!" என்றது ஒரு குரல். "சத்து, டுவா, தீகா!" என்று மலாயில் எண்ணி, எல்லோருமாகத் தள்ளினார்கள். நான் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி முழுக்க நீலச் சட்டையும் சிரித்த முகங்களும். சந்து முனையில் காடி ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்தது. பின்னால் அவர்கள் கைதட்டிக் கூவிய கூவலுக்கு எங்கள் சந்தில் நாய்களெல்லாம் எழுந்துகொண்டன. அம்மா நிறுத்தவில்லை, நிறுத்த முடியாது. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி ஆட்டிக்கொண்டே போனார். பாதி வழி போன பிறகுதான் தெரிந்தது, மணிலா அட்டைகள் போர்ச்சுத் தரையிலேயே கிடக்கின்றன என்று. "பரவாயில்ல. மொதல்ல நாம போய்ச் சேருவோம்" என்றார் அம்மா, என்னிடமா காடியிடமா தெரியவில்லை.

மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தோம். ஆனால் அம்மா சாவியை எடுக்கவில்லை. நிறுத்தினால் திரும்ப எழும்புமோ எழும்பாதோ என்ற பயத்தில், எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேராக மரநிழலில் ஓடவிட்டபடியே நிறுத்தி, தோட்டக்காரரை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். காடி அங்கே நின்று தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பதும் வாயைப் பொத்திச் சிரிப்பதுமாக இருந்தார்கள். அதிகாரி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துப் பரம்பரை, வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு கலையாதவர். அம்மா கரும்பலகையில் தலைப்பை எழுதினார். கையில் அட்டை இல்லை, படமில்லை, ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் காடியைப் பார்த்தார்.

"எல்லாரும் வாயை மூடுங்க, காதைத் திறங்க" என்றார் அம்மா. "வெளிய என்னா கேக்குது?"

"டீச்சர் காடி!" என்று கத்தினார்கள்.

"அது எப்படி ஓடுது? வாயால சொல்லுங்க."

"தடதடன்னு ஓடுது!" "கடகடன்னு டீச்சர்!" "கண்ணாடி கிடுகிடுன்னு ஆடுது!" ஆளுக்கொன்றாக வந்து விழுந்தது. அம்மா ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி, பிரித்துப் பார்த்தால் பொருள் வருகிறதா என்று கேட்டு, "தட" என்று ஒற்றையாக நின்றால் ஒன்றுமில்லை, இரண்டாக நின்றால்தான் சத்தமே கேட்கிறது என்று விளக்கினார். பிள்ளைகளின் மனசு ஏன் "படபட" என்று அடிக்கும், தன் மனசு காலையில் ஏன் அப்படி அடித்தது என்று, தொழிற்சாலைப் பெண்கள் தள்ளிவிட்ட கதையையும் சேர்த்தே சொல்லிவிட்டார். வகுப்பு "கலகல" என்று சிரித்தது, அதுவும் பலகைக்குப் போனது. அப்போது முன் பெஞ்சிலிருந்த குமரன் எழுந்து, மிகவும் கவலையோடு கேட்டான்: "டீச்சர், அது நின்னுருச்சுன்னா? கோங் கோங்னு ஆயிருமா?"

வகுப்பே உருண்டு சிரித்தது. நான் பயந்துபோய்ப் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாடம் முடிந்ததும் அவர் அம்மாவிடம் வந்தார். "ஏன் டீச்சர் அந்தக் காரை நிப்பாட்டாமல் விட்டிருக்கிறியள்? பெட்ரோல் முடிஞ்சு போகுமே" என்றார்.

"நிப்பாட்டினா எழும்பாது சார். நான் வீட்டுக்குப் போகணும், நாளைக்குத் திரும்ப வரணும்" என்றார் அம்மா.

"வருவியள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அம்மா அன்றைக்கெல்லாம் என்ன அர்த்தமாயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

பள்ளி விடுவதற்குள் காடி தானாகவே நின்றுபோயிருந்தது. தோட்டத்து லாரி ஓட்டுநர் தன் லாரி பேட்டரியிலிருந்து "ஜம்பர் வயர்" போட்டு எழுப்பிக் கொடுக்க, நேராக மாசாயில் இருக்கும் பேட்டரிக் கடைக்கு வந்தோம். கடைக்காரத் "தவுக்கே", அதாவது சீன முதலாளி, பானெட்டைத் திறந்து, மூடிகளைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "தங்காச்சி, என்னா தண்ணி போட்டே?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், திட்டுவதற்குத் தாராளமாக வரும்.

"பேட்டரி தண்ணிதான் லா தவுக்கே! கடைல வாங்குனது!" என்று அம்மா சண்டைக்குத் தயாரானார். வழியில் தேவைப்படும் என்று வண்டியிலேயே வைத்திருந்த பாட்டிலை எடுத்து நீட்டினார். தவுக்கே அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அடியில் லேசாகப் பச்சை பிடித்திருந்தது.

"பேட்டரி தண்ணில பாசி வராது" என்றார். "இது மலைத் தண்ணி."

அம்மா பாட்டிலை வாங்கி நெருக்கமாகப் பார்த்தார். லேபிளுக்குப் பின்பக்கத்தில், சதுரமாக, பழைய பசை அடையாளம் ஒன்று இருந்தது. மாதா ஸ்டிக்கரின் அளவுக்குச் சரியாக. கிறிஸ்மஸுக்கு வீடு கழுவியபோது எல்லாப் பாட்டில்களையும் போர்ச்சில் கொண்டுவந்து வைத்ததும், ஸ்டிக்கர் நனைந்து உரிந்து போனதும், எது எங்கே திரும்பிப் போனது என்று யாரும் பார்க்காததும் அவர் முகத்தில் வரிசையாக ஓடியதை நான் பார்த்தேன். "மாதாவே" என்றார், மெதுவாக. மூன்று மாதமாகப் பேட்டரிக்குத் தீர்த்தம் ஊற்றியிருக்கிறார். அப்படியானால் மூன்று மாதமாக எங்கள் நெற்றியில் போட்டது?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீடத்துக்கு ஓடினோம். அங்கே இருந்த பாட்டிலில் தண்ணீர் ஒரு துளி பாசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது. காய்ச்சி வடித்தது, கலப்படமில்லாதது, எல்லா நல்ல பேட்டரிகளுக்கும் ஏற்றது. அம்மா அதைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். நடுவில் கொஞ்சம் அழுதார், அது காலையிலிருந்து சேர்த்து வைத்த அழுகை. வேலை முடிந்து வந்த அப்பாவுக்குக் கதையைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் பிடித்தது. "அதான் பாத்தேன், இது எப்பவோ போயிருக்க வேண்டிய பேட்டரி, மூணு மாசம் எதை நம்பி ஓடுச்சுன்னு" என்றார் அப்பா. தவுக்கேயைக் கேட்டால், அந்தத் தண்ணீரால்தான் சீக்கிரம் போயிற்று என்பார். எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தயங்கித் தயங்கி பங்கு ஃபாதரிடம் போய், பாவமா என்று கேட்டார். அவர் என் தலையில் கைவைத்து, "பாவமெல்லாம் இல்லம்மா. பிள்ள ஃபுல் சார்ஜ்ல இருக்கு பாருங்க" என்றார்.

புதுப் பேட்டரியை அம்மாவே வாங்கினார். அப்பா கூட வந்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காடியின் தட்டை அம்மா ஏற்கெனவே நூலால் அளந்து வைத்திருந்தார். பிளஸ் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டார். ஸ்டிக்கரில் என்ன தேதி போட்டிருக்கிறது, கடையில் எத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த தூசி படிந்ததை ஒதுக்கி, உள்ளே இருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொண்டார். தவுக்கே அப்பாவைப் பார்த்து, "உன் பெண்டாட்டி டீச்சரா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அப்பா. "டீச்சர்."

அந்தச் சொல்லுக்கு அதிகாரபூர்வமான வழி திறக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. தலைமையாசிரியர் ஒருநாள் ஓய்வு நேரத்தில் வகுப்புக்கே வந்து, பெயர் அனுப்பியாயிற்று, அதிகாரி தனியாகவும் சொல்லியிருக்கிறார், தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஜன்னல் வழியாகக் காடியைப் பார்த்தார். அது அமைதியாக நின்றிருந்தது, சாவி அம்மாவின் கைப்பையில், லைசனுக்குப் பக்கத்தில்.

அதன்பின் பயிற்சியும் முடித்து, அம்மா கூலாயில் கற்பித்தார், காஹாங்கில் கற்பித்தார், கடைசியில் மாசாய்ப் பக்கமே வந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் வீட்டில் இருப்பார் என்று நினைத்தது எங்கள் தப்பு. சனிக்கிழமைதோறும் காஹாங் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கத் தானே ஓட்டிக்கொண்டு போகிறார். நீலக் காடி எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது ஆட்டோ கியர். அதை எத்தனை பெண்கள் சேர்ந்து தள்ளினாலும் எழும்பாது. பேட்டரியில் திருகித் திறக்க மூடி கிடையாது, கோடு கிடையாது, இருபது காசுக்கு அங்கே வேலையில்லை. பேட்டரி தண்ணி பாட்டிலைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். "கோங்" என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது, அதுவும் என் மகளின் பள்ளிக்கூடக் கட்டுரை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை மாலை அம்மாவின் காடி "டிக்" என்றது. நான் தொலைபேசியில் அழைத்தேன், கொஞ்ச நேரத்தில் பேட்டரிக் கடை வேனில் ஒரு தம்பி வந்து இறங்கினார். அம்மா முன்னால் போய் நின்று தேதியைப் படித்தார், பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்த்தார், மைனஸ் வயரை அவர் கடைசியில்தான் மாட்டுகிறாரா என்று கண் இமைக்காமல் கவனித்தார். எல்லாம் முடிந்து பானெட்டை மூடப்போகும் நேரத்தில், "கொஞ்சம் இருங்க தம்பி" என்று உள்ளே போய், பீடத்திலிருந்து பாட்டிலோடு வந்தார். வழவழவென்று மூடிக் கிடந்த பேட்டரியின் தலையைத் தடவிப் பார்த்தார், எங்கேயும் ஓட்டை இல்லை. "ஊத்த வழியில்லன்னா என்ன, வெளியவே வச்சிட்டுப் போறேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, விரலை நனைத்து, நடுவில் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். பிறகு திரும்பி என் நெற்றியிலும் ஒன்று போட்டார்.

"என்னா தண்ணி ஆண்ட்டி அது?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

அம்மா மூடியைத் திருகி மூடினார். "பேட்டரி தண்ணி" என்றார்.